பாலவாக்கம் ரோட்டில் நின்ற வைப்பர்

இதை யாரோ சொல்லிக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அந்த வண்டியை ஓட்டியவன் நான். என் பெயர் சுப்பராயன். ஈக்காட்டுத்தாங்கலில் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை செய்யும் பட்டறை வைத்திருந்தேன். தேதிகூட மறக்கவில்லை. 1997, நவம்பர் 15, சனிக்கிழமை.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் அந்த வண்டி வந்தது. சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. கொண்டுவந்தவர் மயிலாப்பூரைச் சேர்ந்த ஜானு என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை.

"இதோட வைப்பரை மாத்தணும். நல்லதா, நிக்காம ஓடறதா போடுங்கோ" என்றார்.

பார்த்தேன். பழைய வைப்பர். ஒரே வேகம்தான். டேஷ்போர்டில் ஒரு குமிழை இழுத்தால் ஓடும். கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்ச இன்னொரு குமிழைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி பம்ப் செய்ய வேண்டும்.

"யாரும்மா ஓட்டப் போறாங்க?"

"என் பொண்ணு மஹதி. அப்பா வண்டியைத்தான் ஓட்டுவேன்னு பிடிவாதம் பிடிக்கறா."

பிறகு அவரே சொன்னார். கணவர் கல்யாணராமன் காலேஜ் புரொபசர். போன வருஷம் நவம்பரில், பாலவாக்கம் தாண்டி நல்ல மழை. வைப்பர் நின்றுவிட்டது. இறங்கிக் கையால் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். பின்னால் வந்த லாரிக்கு அவர் தெரியவில்லை. வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"போன வாரந்தான் வருஷாப்திகம், முதல் வருஷத் திதி, முடிஞ்சது" என்றார்.

"நான் பாத்துக்கிறேம்மா" என்றேன்.

புதுப்பேட்டையில் தேடி இரண்டு வேக மோட்டார் ஒன்று வாங்கினேன். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு லீவர் வைத்தேன். மேலே தள்ளினால் வைப்பர், நம் பக்கம் இழுத்தால் தண்ணீர். தண்ணீருக்கும் மின்சார பம்ப். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். நிற்கவே இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. பட்டறையில் தூசி அதிகம். ராத்திரி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போவேன். காலையில் வந்தால் முன் கண்ணாடி முழுக்கத் தூசி படிந்திருக்கும்... நடுவில் கையகலத்துக்கு மட்டும் சுத்தமாக இருக்கும். யாரோ துடைத்த மாதிரி.

மூன்று நாள் அப்படி. பூனை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியை எடுத்துப்போக ஜானு அம்மாள் வந்தார்.

"பாலவாக்கம் வரைக்கும் போய்ப் பாத்துடலாமா? அந்த ரோட்டுல நிக்காம ஓடித்துன்னாதான் பொண்ணு கையில சாவியைக் குடுப்பேன்."

4.25க்குக் கிளம்பினோம். அடையாறு வரும்போது தூறல். திருவான்மியூரில் கொட்ட ஆரம்பித்தது. லீவரைத் தள்ளினேன். வைப்பரின் இரண்டு கைகளும் படபடவென்று தண்ணீரைத் தள்ளின. ரோடு துல்லியமாகத் தெரிந்தது.

"நன்னா ஓடறதே..." என்றார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

5.20. பாலவாக்கம் தாண்டினோம்.

5.23. வைப்பர் நின்றது.

பாதிக் கண்ணாடியில் அப்படியே நின்றது. லீவரை மேலே தள்ளினேன். கீழே தள்ளினேன். அசையவில்லை. எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். லேசாகக் கருகல் வாசனை.

"இருங்கம்மா, எறங்கி இன்னான்னு பாக்கறேன்..."

கதவில் கை வைத்தேன். அவர் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எறங்காதீங்கோ! உங்களைக் கும்பிடறேன்... எறங்காதீங்கோ!"

ஒரு லாரி பெரிய ஹாரனோடு எங்களை உரசிக்கொண்டு போனது. வண்டியே ஆடியது.

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

கீச்...

கண்ணாடியிலிருந்து வந்தது.

கீச்... கீச்...

ஈரக் கண்ணாடியில் உள்ளங்கை உரசும் சத்தம். வெளியே யாரும் இல்லை. ஆனால் கண்ணாடியில் வழிந்த தண்ணீர் விலகியது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். கையகலத்துக்கு.



பக்கத்தில் ஜானு அம்மாள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கூப்பிட்டார்.

"ஏன்னா..."

சத்தம் நின்றது.

"ஏன்னா... போறும்."

வைப்பர் அசைந்தது.

மெதுவாக ஒரு பக்கம் போனது... நின்றது... திரும்பி வந்தது.

மோட்டார் சத்தமே இல்லை. ரப்பர் உரசும் சத்தம் மட்டும்.

"வண்டியை எடுங்கோ" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

எடுத்தேன்.

மயிலாப்பூர் வரைக்கும் அது அப்படியே ஓடியது. சீராக ஓடவில்லை. மழை வலுத்தால் வேகமாகப் போகும். அடையாறு பாலத்தில் ஒரு முறை களைத்ததுபோல நின்று, மறுபடி நகர்ந்தது. நான் லீவரைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவும் தைரியம் இல்லை.

6.35. வீட்டு வாசல். மழை விட்டிருந்தது. வைப்பர் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜானு அம்மாள் இறங்கி வந்து, புடவைத் தலைப்பால் அந்தக் கண்ணாடியை மெல்ல ஒற்றினார். ஒரு முகத்தைத் துடைப்பதுபோல இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அன்று தூங்கவில்லை.

மறுநாள் காலை 9 மணிக்கு மயிலாப்பூர் போய் மோட்டாரைத் திறந்து பார்த்தேன். பியூஸ் போயிருந்தது. உள்ளே காயில், அதாவது கம்பிச் சுருள், முழுக்கக் கருகி ஒட்டிப்போயிருந்தது. அப்படி ஒட்டிப்போனால் வைப்பர் பூட்டிய மாதிரி ஆகிவிடும். இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். ஒரு நூல்கூட நகரவில்லை.

உள்ளே போய் ஜானு அம்மாளிடம் சொன்னேன். மஹதி வீட்டில் இல்லை. அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு விஷயம்... பொண்ணுக்குக்கூடத் தெரியாது. அவர் போன அன்னிக்கு நானும் வண்டியில இருந்தேன். மழை விடட்டும், அப்புறம் போலாம்னார். நாழியாறது, எறங்கித் துடைங்கோன்னு நான்தான் கத்தினேன்."

ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார்.

"சீக்கிரம் வேற மோட்டார் போட்டுடுங்கோ, சுப்பராயன். நான் சொன்னதுக்காக... இன்னும் துடைச்சுண்டே இருக்கார்."