ஒரே வளைவில் ஒன்பது விரல்கள்

காலை ஏழு மணிக்கு பேக்கரிக் கதவு திறந்ததும் ஏலக்காய் மணம் பனித்தெருவுக்கு இறங்கி வருகிறது. ஸ்வீடனுக்கு வந்து பதினெட்டு வருடம். இன்னும் அந்த இடத்தில் கால் ஒரு கணம் தயங்கும். ஏலக்காயைக் ‘கார்டெமும்மா’ என்கிறார்கள், தங்கள் கொல்லையில் விளைந்ததைப் போல. “இது எங்கள் ஊர் வாசனை” என்று ஒருநாள் பேக்கரிக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் தெருவைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டி, இன்னொரு ரொட்டியை இனாமாகத் தந்தார். போடிமெட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ரொட்டி சூடாக இருந்தது; தின்றுவிட்டேன்.

வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த மணம் அது. எனக்குப் பழக்கமானதோ விறகுப்புகையும் ஈரமும் கலந்த பச்சை நெடி. போடிமெட்டில் என் தங்கை செல்வி ஏலக்காய் உலர்த்தும் கூடம் நடத்துகிறாள். அங்கே அதை ஸ்டோர் என்பார்கள். தோட்டக்காரர்கள் பச்சைக்காயைக் கொடுத்துவிட்டு அடிவாரத்துப் போடிக்கும் ராசிங்காபுரத்துக்கும் இறங்கிவிடுவார்கள். ஒவ்வொருவர் காயும் தனித்தட்டில், தனி எண்ணோடு சூட்டறையில் கிடக்கும். காய்க்குரியவர் ‘இறக்கு’ என்று சொல்லாமல் செல்வி தட்டைத் தொடமாட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக நாள் முழுக்க அவள் போன் அலறும்.

கணினிக்கு நிரல் எழுதும் என் பிழைப்பும் அப்படித்தான். பிரௌசரிலிருந்து ஒருவர் கூப்பிட, எங்கோ சர்வரில் இருக்கும் ஆப்ஜெக்ட் என்கிற நிரல்துண்டு அதைக் கேட்டு, வேலையை முடித்துப் பதில் சொல்ல வேண்டும். வாய் ஓரிடம், கை ஓரிடம். நானே அப்படியோர் ஏற்பாடுதானோ என்றும் சில நாள் தோன்றும். தங்கையின் ஸ்டோருக்கும் அப்படியொரு செயலி எழுதினேன். போனில் தட்டின் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஆப்ஜெக்ட் அதை நினைவில் வைக்கும். பிறகு ‘இறக்கு’வை அமுக்கினால் ஸ்டோர்த் திரையில் உத்தரவு வரும். வெளியே பனி விழ, நான் ஒருவனாக அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஒரு பிசகும் இல்லை.

போடியில் யார் தனியாக அமுக்குகிறார்கள்? மலையேறும் ஜீப்பில் ஒன்பது பேர். கொண்டையூசி வளைவுகளில் செத்துக் கிடக்கும் சிக்னல் ஒரே ஒரு வளைவில் உயிர்பெறும். அங்கே ஒன்பது போனும் ஒன்றாக வெளியே வரும். சின்னத் தோட்டம் வைத்திருக்கும் பாண்டியம்மா ஒருநாள் அங்கே தன் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். அவர் ‘இறக்கு’வை அமுக்குமுன், பக்கத்திலிருந்த ராசிங்காபுரத்து மாரிமுத்து அண்ணன் தன் தட்டின் சூடு பார்க்கத் தன் எண்ணைத் தொட்டார். நான் எல்லோருக்கும் வைத்தது ஒரே ஆப்ஜெக்ட். அது கடைசியாகக் கேட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டது. பாண்டியம்மா சொன்ன சொல்லுக்கு மாரிமுத்து அண்ணனின் பாதி காய்ந்த காய் இறங்கியது. செல்வி அன்று போடிக்குப் போயிருந்தாள். காய்ந்ததா என்று கையில் அள்ளி உலுக்கிப் பார்க்கும் வழக்கத்தை ஆட்கள் என் திரையை நம்பி விட்டிருந்தார்கள். நான்கு மூட்டையும் பூஞ்சை பூத்துப்போயின.

விடுப்பெடுத்துப் போனேன். மாரிமுத்து அண்ணன் ஸ்டோர் வாசலில் செல்வியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஓங்கூட ஒரு சண்டையும் இல்ல ஆத்தா. ஆனா அடுத்த பறிப்பு வேற ஸ்டோருக்குப் போகுது.”

அவர் போனால் ராசிங்காபுரமே பின்னால் போகும். செல்வி தரையைப் பார்த்தாள். அதுவரை என் பெயரை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நானே சொன்னேன்.

“தப்பு என்னுதுண்ணே. அத்தன பேருக்கும் ஒரே ஆள நிறுத்திட்டேன்.”

“ஏந்தம்பி, வெள்ளக்காரன் நாட்டுல ஆளுக்கா பஞ்சம்?”

இரண்டு நாளில் திருத்தினேன். இனி ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாய் ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கும். எண்ணும் அந்த அழைப்போடேயே வரும். பதில் சொன்னதும் அது மறைந்துவிடும், எதையும் நினைவில் சுமக்காது. அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. பிறகு அதே வளைவில் ஜீப்பை நிறுத்தி, ஒன்பது பேரையும் சேர்ந்து அமுக்கச் சொன்னேன்.

“வெரசா அமுக்குங்கப்பா, இவரு பிளேனப் புடிக்கணுமாம்” என்று பாண்டியம்மா கத்தினார்.

அவரவர் எண்ணுக்கு அவரவர் பதில். மாரிமுத்து அண்ணன் நம்பாமல் மூன்று தரம் அமுக்கினார். “ஒரு மூட்ட தாறேன். மிச்சத்தப் பொறகு பாப்பம்.”

ஊர் திரும்பும் நாள் வந்தது. எந்த ஊருக்கு என்று கேட்காதீர்கள். ஜீப்பின் பின்பலகையில் இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்தால் போகிற வழி தெரியாது, விட்டுப்போகிற வழிதான் தெரியும். வண்டி உறுமியதும் செல்வி ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, இனிமே எதாச்சும் மாத்துனா, அங்க ஒத்தையில ஒக்காந்து அமுக்கிப் பாத்துட்டு சரியா இருக்குன்னு சொல்லாத. போனப் போடு. நாங்க ஒம்பது பேரு இங்கன இருக்கோம்ல.”