மறைத்து வைத்த கமெண்ட்

நான்கு பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்ததால் அவளுக்குக் கடைக்குட்டி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பது வயது கடந்தும் அது உதிரவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை போனதும், வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவளோ அறைக்குள் உட்கார்ந்து ஆன்லைனில் ஒரு வகுப்பை முடித்துவிட்டு, இனிமேல் கடைகளுக்கு சோஷியல் மீடியா பார்த்துக் கொடுக்கப் போகிறேன் என்று அறிவித்தாள்.

"நாள் பூரா போன நோண்டுறதுக்கு ஒரு வகுப்பு வேறயா?" என்றார் பெரியண்ணன்.

முன்பின் தெரியாதவளிடம் எந்தக் கடைக்காரர் பேஜைக் கொடுப்பார்? கடைசியில் அக்காதான் கைகொடுத்தாள். அக்காவுக்கு ஜன்னல் திரை தைக்கும் கடை. இரண்டு தையல் மெஷின், வெட்டும் மேசை, சுவர் நிறையத் துணிச் சுருள்கள். அளவெடுக்கும் டேப் எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும். போனில் அவளுக்குத் தெரிந்தது எடுப்பதும் வைப்பதும் மட்டும்தான். "என் பேரக் கெடுக்காம என்ன வேணா பண்ணிக்கோ" என்று கடையின் பேஜைத் தங்கையிடம் விட்டுவிட்டாள்.

அந்தக் கடையை அக்கா தனியாகத் தொடங்கவில்லை. கூட ஒருத்தி இருந்தாள். ஓயாமல் பேசுவதால் எல்லாருக்கும் அவள் வாயாடி. ஒரு விடுதிக்குத் தைத்த திரை முழுக்க ஒரு சாண் குட்டையாகிப் போனது. அளந்தது நீயா நானா என்று தொடங்கிய பேச்சு தடித்து, வாயாடி கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை. அக்காவும் போய்க் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் வீம்புக்குக் குறைச்சலே இல்லை.

கடைக்குட்டிக்கு ஒரு நல்ல கதை தேவைப்பட்டது. கூட்டுக் கடை என்றால் யார் நின்று படிப்பார்கள்? தனி ஒருத்தி என்றால் படிப்பார்கள். பழைய படம் ஒன்றில் அக்காவும் வாயாடியும் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். அதில் வாயாடியை வெட்டிவிட்டு, 'யார் துணையும் இல்லாமல் நான் தொடங்கிய கடை' என்று அக்கா பேசுவதுபோல எழுதிப் போட்டாள். அக்காவிடம் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அன்றைக்கே அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

போஸ்ட் காட்டுத்தீயாய்ப் பரவியது. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். எந்தக் கமெண்டையும் பதில் இல்லாமல் விடக்கூடாது என்பது வகுப்பில் படித்த பாடம். அக்காவின் குரலில் ஒவ்வொருவருக்கும் உருகி உருகிப் பதில் போட்டாள். இது என் வேலை என்று அவள் கொண்டுபோய்க் காட்டியதும் ஒரு பல் டாக்டரும் ஒரு செருப்புக்கடைக்காரரும் எங்களுக்கும் செய்து தருவாயா என்று கேட்டார்கள். அவள் எதிர்பார்த்த வாழ்க்கை வாசலில் வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் வாயாடியின் கமெண்ட் வந்தது. 'அந்த மெஷினோட இன்னொரு பக்கத்தைப் புடிச்சது நான்தானே? மறந்துட்டியா? கோவமெல்லாம் போதும். நீ ஒரு வார்த்தை சொல்லு, வந்துடுறேன்.'

கடைக்குட்டி அதை இரண்டு தடவை படித்தாள். பல் டாக்டர் பார்த்தால்? கதையே பொய் என்று ஆகிவிடாதா? அழித்துவிட்டால் எழுதியவள் சண்டைக்கு வருவாள். மறைத்துவிட்டால் வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, எழுதியவளுக்கு மட்டும் அது இருந்த இடத்திலேயே தெரியும். இதுவும் வகுப்பில் படித்ததுதான். மறைத்தாள். ஆரவாரம் அடங்கியதும் அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள், பாவி.

"இத்தன பேரு பாத்திருக்காங்களே, அவ பாத்திருப்பாளா? ஏதாவது எழுதினாளா?" என்று அக்கா ஒருநாள் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"இல்லக்கா."

ஆறப் போட்டது அப்படியே ஆறிப் போனது. புதுக் கடைகள் வந்தன, வேலை குவிந்தது, சொல்ல நினைத்த ஒவ்வொரு தடவையும் சொல்வது இன்னும் கஷ்டமாகியது.

ஒரு மாலை அக்கா வெளியே போய்விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பஸ் ஸ்டாப்ல அவளப் பாத்தேன்டி. நானாத்தான் போய்ச் சிரிச்சேன். மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறா. அப்படி என்ன பண்ணிட்டேன் நான்?" என்றாள். அக்கா அழுது கடைக்குட்டி பார்த்ததில்லை. அன்று பார்த்தாள்.

அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். கமெண்டையாவது காட்டலாம் என்று போனைத் திறந்தால், அது இல்லை. பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து வாயாடியே அதை அழித்துவிட்டிருந்தாள்.

"என்ன எழுதியிருந்தா?" என்றாள் அக்கா.

கடைக்குட்டி ஒப்பித்தாள். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே வாயாடி வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் கழுத்து டேப்பைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"நம்ப மாட்டேங்குறா. 'டைப் அடிச்சது யாரா இருந்தாலும், முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் உருகி உருகிப் பதில் சொன்னது நீ. எனக்குப் பதில் சொல்லாதது மட்டும் உன் தங்கச்சியா?'ன்னு கேக்குறா."

"நான் போய்ச் சொல்றேன்க்கா. கால்ல விழுந்தாவது சொல்றேன். எல்லாமே நான் எழுதுனதுதான்னு..."

"சொன்னேன்டி. என்னைவிட நல்லா என்னை மாதிரியே எழுதியிருக்கே. அவ எப்படி நம்புவா?"

அக்கா மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, பாதியில் நின்றிருந்த திரையைத் தைக்க உட்கார்ந்தாள்.