டாம்பரின் திருகாணி

என் வீட்டுக்காரர் தன் நிழலையே திரும்பிப் பார்த்துவிட்டு நடப்பவர். வாடகைக்குக் கார் ஓட்டுகிறார். அவரை நம்பவைப்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. உலகத்தில் அவர் நம்பிய ஒரே ஆள், பட்டறை வைத்திருக்கும் அவர் தம்பி. அந்த உறவுக்கும் யார் கண் பட்டதோ!

வண்டி நிற்கும்போது என்ஜின் உதறுகிறது என்று தம்பியிடம் காட்டினார். கொழுந்தன், என்ஜின் மேல் உருண்டையாக இருந்த ஒரு சின்னச் சாமானைத் தொட்டான். டாம்பராம். பெட்ரோல் குழாயில் அழுத்தம் துடிக்காமல் அடக்குவது அதன் வேலை.

"பழசாயிடுச்சுண்ணே. சில பேர் இதைக் கழட்டிட்டு வெறும் போல்ட்டால அடைச்சிடறாங்க. இன்னும் பெருசும் கிடைக்குது. நம்ம வண்டிக்கு ரெண்டும் வேண்டாம், இதே மாதிரி புதுசு போடலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவர், வீட்டில் ஆரம்பித்தார்.

"நல்ல சாமானைக் கழட்டி எவன் வண்டியிலயோ மாட்டப் பாக்கறான்."

"உங்க கூடப் பொறந்தவருங்க."

"அதான் பயமா இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை என்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து உளவு பார்த்தார். டாம்பரின் நடுவில் இருந்த திருகாணி சற்று மேலே எழும்பி நின்றது. பெட்ரோல் அழுத்தம் ஏறினால் அது அப்படித்தான் எழும்பும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இவர் கண்ணுக்கு அது தம்பி வேண்டுமென்றே தளர்த்திவிட்ட திருகாணி. ஸ்க்ரூடிரைவரால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று கிழிந்தது யாருக்குத் தெரியும்?

மகளைப் பள்ளியில் விடக் கிளம்பினோம். பாதி வழியில் பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடித்தது.

"பாத்தியா, வேலையைக் காட்டிட்டான்!"

"மொதல்ல வண்டியை நிறுத்துங்க!"

"நிறுத்தினா? கையும் களவுமா அவனைப் பிடிக்க வேண்டாமா?"

பட்டறை வாசலில் என்ஜினைக்கூட அணைக்காமல் குதித்து, தம்பியின் சட்டையைப் பிடித்தார். "கூடப் பொறந்தவனுக்கே குழி பறிக்கிறியாடா!"

மோந்து பார்த்த கொழுந்தன் அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓடினான். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். பின்கதவைத் திறந்து குழந்தையை வாரி எடுத்தான். "எறங்கி ஓடுங்க அண்ணி!" என்று கத்தியபடியே தெருவைத் தாண்டினான். நானும் இறங்கிப் பின்னாலேயே ஓடினேன்.

சூடு தணிந்ததும் பானெட்டைத் திறந்தான். திருகாணியைச் சுற்றிக் கசிந்த பெட்ரோல் என்ஜினெல்லாம் வழிந்திருந்தது. ஒரு பொறி போதும், நாங்கள் கரிக்கட்டை. திருகாணியின் தலையில் ஸ்க்ரூடிரைவர் கீறல் புதிதாக மின்னியது.

"யாருண்ணே இதை இறுக்கினது?"

இவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கொழுந்தன் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் இவரை அதிகம் சுட்டிருக்கும்.

"வா கண்ணு, போலாம். அப்பா பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன்" என்று மகளிடம் கையை நீட்டினார்.

அவள் சித்தப்பாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவனைக் கேட்டாள். "அப்பாகூடப் போனா ஒண்ணும் ஆகாதா சித்தப்பா?"