வீட்டுக்குப் போகும் எண்ணெய்

போரினால் எங்கள் தீவை விட்டு வெளியேறியபோது நாங்கள் கொண்டுவந்தவற்றுள் மிகப் பெரியது ஒரு படகு; மிகச் சிறியது கோவிற் புனிதரின் முழங்கையளவுச் சுரூபம். இரண்டையும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, ஒட்டுசுட்டான் வீதியிலிருந்து உள்ளே விலகியிருந்த குளத்தடி ஊரொன்றிற்கு வந்து சேர்ந்தோம். கடல் அங்கிருந்து கண்ணுக்கும் எட்டாது, காதுக்கும் எட்டாது. குடாநாட்டிலிருந்து முன்னொரு காலத்தில் வந்து, காடு வெட்டி வயல் செய்தவர்களே அவ்வூரார். அவர்களுள் எங்களுக்குக் குடிசை போட நிலம் ஒதுக்கித் தந்த கமக்காரர், பாலைமரத்தின் கீழ் இறக்கிவைத்த படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன சம்மாட்டியார், யானை வந்தால் இதில ஏறி ஓடுற யோசனையோ?" என்று கேட்டார்.

படகு என் சின்னையாவுடையது; படகுக்காரரைச் சம்மாட்டி என்பது வழக்கம். அவர் முகம் மாறாமற் சொன்னார்: "நாங்கள் ஓட மாட்டம். யானையை ஏத்தி அனுப்பத்தான் கொண்டு வந்தனாங்கள்."

அன்றே அவ்விருவரும் நண்பரானார்கள்.

படகுக்கு இயந்திரம் இருந்தது. இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் வன்னிக்குள் அருமருந்தாகிவிட்ட காலம் அது. பாண்டங்களெல்லாம் இருந்தும் விளக்கு மட்டும் எரியாத வீடுகளே எங்கும். ஆயினும் எங்கள் தீவார் ஒரு முடிவு செய்தனர். கடல்வழி என்றோ ஒருநாள் திறக்கும். திறந்த அன்றே நாம் புறப்பட வேண்டும். அதற்கு ஒரு கான் நிறைய எண்ணெய் வேண்டும். பங்கீட்டில் எப்போதாவது கிடைத்த எண்ணெயை ஒவ்வொரு வீட்டாரும் சிறிது சிறிதாகக் கொணர்ந்து அந்தக் கானில் ஊற்றினர். நாங்கள் போட்ட ஓலைக்கோவிலில், புனிதரின் காலடியில் அது இருந்தது. அதனைக் காக்கும் பொறுப்பு சின்னையாவின் மனைவியாகிய என் சின்னம்மாவினுடையது. 'வீட்டுக்குப் போற எண்ணெய்' என்பதே அதன் பெயர்.

விளக்கில்லாமையால் நாங்கள் பொழுது சாயுமுன் உண்டு, பொழுது சாய்ந்ததும் உறங்கினோம். கமக்காரரின் மனைவியோ அதனைக் கிறிஸ்தவப் பக்தியென்று கருதி, "வேதக்காரர் வெள்ளெனப் படுக்கிற நல்ல சனம்" என்று தம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டினார். அந்தப் பிள்ளைகள் எங்களை வெறுத்ததில் வியப்பில்லை.

சின்னம்மாவுக்குத் தீவைப்பற்றிய கவலை முழுவதும் கோழிகளாகவே உருவெடுத்திருந்தது. புறப்பட்ட அவசரத்தில் கூட்டைத் திறந்துவிட்டு வந்திருந்தார். யார் எதைப் பேசினாலும் பேச்சு அங்கே போய் முடியும். "இப்ப எல்லாம் குஞ்சும் குருமானுமாய்ப் பெருகியிருக்கும். நான் போகத்தான் ஒரு ஒழுங்குக்கு வரும்" என்பார். அந்தக் கானை நாள்தோறும் ஒருமுறை தூக்கிப் பார்த்து, கனம் குறையவில்லை என்று தெளிந்த பின்னரே செபத்தைத் தொடங்குவார்.

ஒரு முற்பகலில் அவ்வூர் மருந்தகத்தை நடத்திய உதவி மருத்துவர் சைக்கிளில் வந்தார். அப்போதிக்கரி ஐயா என்றே அவரை எல்லாரும் அழைத்தனர். கோவில் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நெடுநேரம் மழையைப்பற்றிப் பேசினார். மழை பெய்து ஓய்ந்து பல நாளாகியிருந்தது.

"ஐயா, மழையைச் சொல்லவே இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தனீங்கள்?" என்றார் சின்னம்மா.

அவர் தலையைத் தடவினார். "பிள்ளையளுக்குக் குடுக்கிற போலியோச் சொட்டு மருந்து வவுனியாவிலயிருந்து வந்திட்டுது அம்மா. ஐஸ்பெட்டியில இருக்கு. ஐஸ் நாளைக்குக் கரைஞ்சிடும். எங்கட குளிர்ப்பெட்டி மண்ணெண்ணெயில எரியிறது. எண்ணெய் ஒரு சொட்டுமில்லை."

சின்னம்மா எழுந்து கோவில் வாசலை மறித்தாற்போல நின்றார்.

"அது வீட்டுக்குப் போற எண்ணெய், ஐயா."

"தெரியும் அம்மா. அதுதான் மழையைப்பற்றிக் கதைச்சனான்."

அதற்குள் எங்கள் தீவார் அனைவரும் கூடிவிட்டனர். பாதி கொடுக்கலாம் என்றார் ஒருவர். பாதி எண்ணெயில் நடுக்கடல்வரை போய் நீந்துவதா என்றார் மற்றொருவர். சின்னையாவோ மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்து எங்கட பிள்ளையளுக்கு மட்டுமோ?" என்று சின்னம்மா கேட்டார்.

"இல்லை. இந்தக் குளத்தடிப் பிள்ளையள், அங்கால காட்டுக்கரைப் பிள்ளையள், எல்லாருக்கும்."

"கெட்டுப் போனால் வேற வருமோ?"

"வரலாம். எப்ப எண்டு என்னால சொல்லேலாது."

சின்னம்மா உள்ளே போனார். புனிதரோடு அவர் பேசியது ஓலைச்சுவரூடாக எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. "ஒரு சொல்லாவது சொல்லுமன். வாயை மூடிக்கொண்டு நிண்டால் நான்தான் பாவி. சரி, குடுக்கிறன். இனி எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது உம்மட பாடு." பின்னர்க் கானைத் தாமே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். சைக்கிளின் பின்னிருக்கையில் அதனைக் கட்டிய கயிற்றை மூன்றாவது முறையும் இழுத்துப் பார்த்தபின் சொன்னார்: "கானைத் திருப்பித் தாங்கோ. கான் எங்கட."

பிற்பகலில் தீவார் எல்லாரும் மருந்தகத்துக்குப் போய்விட்டோம், எங்கள் எண்ணெய் என்ன செய்கிறதென்று காண. குளிர்ப்பெட்டியின் அடியில் ஒரு சிறு நீலச்சுடர் எரிந்தது. மேலே கைவைத்துப் பார்த்தால் குளிர்ந்தது. சின்னம்மா குனிந்து சுடரைப் பார்ப்பதும் நிமிர்ந்து பெட்டியைத் தொடுவதுமாக இருந்தார். "அடுப்பு மூட்டிக் குளிராக்கிறதோ! ஐயா, எங்களை ஏமாத்திப் பேய்க்காட்டேல்லைத்தானே?" என்று கேட்டார்.

சொட்டு மருந்து அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் அயலூர்ப் பிள்ளைகளுக்கும் கொடுத்து முடிந்தது. கான் வெறுமையாகத் திரும்பி வந்து புனிதரின் காலடியில் அமர்ந்தது. செபத்துக்கு முன்னர் அதனைத் தூக்கிப் பார்க்கும் வழக்கத்தைச் சின்னம்மா விட்டுவிட்டார். கோழிகளைப்பற்றியும் பேசவில்லை. அதுவே எங்களுக்குப் பெருங்கவலையாயிற்று.

ஒருநாள் சின்னையா, "எங்கட அப்பரவை மிசினிலயே ஓடினவை? பாய் விரிச்செல்லே ஓடினவை" என்றார். பாய் தைக்கத் துணி எங்கே? செய்தி எப்படியோ வயலுக்குப் போய்விட்டது. மறுநாள் கமக்காரரின் மனைவி, நிவாரண மாவு வந்த வெள்ளைத் துணிப்பைகளைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தார். "எங்கட பிள்ளையள் மருந்து குடிச்சதுகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைகளை வைத்துச் சென்றார். பின்னர் வீட்டுக்கு வீடு பைகள் வந்தன. பெண்கள் கூடியிருந்து தைத்தனர். கழுவியும் போகாத எழுத்துக்கள் பாய் முழுவதும் தலைகீழாகவும் பக்கவாட்டாகவும் நின்றன. பாய்மரத்துக்கு நேரான தடியைக் காட்டிலிருந்து கமக்காரரே வெட்டி வந்தார்.

வெள்ளோட்டம் குளத்தில் என்று முடிவாயிற்று. மாட்டுவண்டிகளிரண்டைச் சேர்த்துக் கட்டிப் படகைக் கொண்டுபோய் நீர்விளிம்பில் இறக்கினர். இறக்கியதும் எங்கள் ஆண்கள் கடற்கரை வழமைபோலச் சற்று மேலேறி, நிழலில் அமர்ந்து வெற்றிலை போடத் தொடங்கினர். குளக்கட்டில் ஊரே திரண்டு நின்றது. நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை.

பொறுமையிழந்த கமக்காரர் இறங்கி வந்தார். "என்ன பாக்கிறியள், சம்மாட்டியார்?"

"அவசரப்படாதேங்கோ. இண்டைக்குப் பறுவம், முழு நிலவு. தண்ணி ஏறட்டும், படகு தானாய் மிதக்கும்."

கமக்காரர் குளத்தைப் பார்த்தார்; சின்னையாவைப் பார்த்தார். "இந்தக் குளத்தில தண்ணி ஏற வேணுமெண்டால் அடுத்த மாரிக்கெல்லே வரவேணும்!"

குளக்கட்டு முழுவதும் சிரித்தது. எங்கள் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்து, பின்னர் அவர்களும் சிரித்தனர். உழவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, எங்களோடு சேர்ந்து படகைத் தள்ளினர்.

சின்னம்மா அழைக்கப்படாமலே ஏறி முன்பக்க அணியத்தில் அமர்ந்தார். மாவுப்பைப் பாய் ஒருமுறை படபடத்துப் பின் காற்றை நிறையப் பிடித்தது. ஓசையின்றி, எண்ணெயின்றிப் படகு ஓடியது. குளத்தின் நடுவே ஒற்றை மருதமரம் நிற்கும் சிறு திட்டொன்று உண்டு. சின்னையா அதனை நோக்கித் திருப்பினார்.

"அக்கா, தீவு தெரியுதோ?" என்று குளக்கட்டிலிருந்து கமக்காரரின் மனைவி கூவினார்.

சின்னம்மா கையைக் கண்ணுக்கு மேலே வைத்துத் திட்டை நன்றாகப் பார்த்தார். அவர் குரல் நீர்மேல் தெளிவாக வந்தது:

"தெரியுது! ஆனா ஒரு கோழியையும் காணேல்லை!"

அன்று மாலை சின்னம்மா பாயை மடித்து வெறுங்கானின் மேல் வைத்தார். செபத்துக்கு முன்னர், பழையபடி, அந்தப் பாயை ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.