அண்ணி கவிழ்த்த உப்பு ஜாடி

கழுத்துவரை பழுப்பும் அதற்குக் கீழே வெள்ளையுமான பீங்கான் ஜாடி அது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். ராயபுரம் கடலோரக் குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டில் அதுதான் உப்பு ஜாடி. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அண்ணி, முகம்கூடக் கழுவாமல் அதைத் தூக்கிக்கொண்டுபோய், கருவாட்டுக்கு மீன் புரட்டும் தொட்டியில் உப்பையெல்லாம் கொட்டினாள். ஜாடியைக் கழுவி, அடுப்புக்கு மேலிருந்த பலகையில் தலைகீழாகக் கவிழ்த்தாள். "நான் சொல்ற வரிக்கும் இத யாரும் நிமித்தக் கூடாது" என்றாள். எண்ணூரிலிருந்து வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், மாமனாரான எங்கள் நைனா எதிரே நின்று சொன்ன பேச்சு அது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அண்ணனுக்குச் சில மாதங்களாகக் கால் வீங்கிக்கொண்டிருந்தது. கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன், தண்ணீரில் ஊறிய கால்தானே என்று விட்டுவிட்டோம். பிறகு முகமும் ஊதி, விடிந்தால் கண்ணைத் திறக்க முடியாமல் போனது. தர்மாஸ்பத்திரி டாக்டர் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி மேலே வரவேயில்லை. சாப்பாட்டில் உப்பை அடியோடு நிறுத்தாவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்று அண்ணியைப் பார்த்தே சொல்லிவிட்டார். அன்று முதல் அண்ணனுக்குத் தனிச் சட்டி. உப்பில்லாத கூழ், உப்பில்லாத குழம்பு. நாங்கள் மூன்று பேரும் மணக்க மணக்கத் தின்போம். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்குவான். தொண்டையில் இறங்காதபோது தணலில் சுட்ட கருவாட்டை ஒரு கடி கடித்துக்கொள்வான். சுட்டுக் கொடுத்ததும் அண்ணிதான். அப்படியாவது இரண்டு வாய் இறங்கட்டுமே என்று.

வீக்கம் வற்றவில்லை, கூடியது. கட்டுமரம் மணலில் சும்மா கிடந்தது. மறுபடி டாக்டரிடம் போனபோது நானும் கூட இருந்தேன். "உப்பு போடறியாம்மா?" என்று அவர் அதட்ட, அண்ணி கடலம்மா மேல் சத்தியம் செய்தாள். "ஒரு கல்லு போடல சாமி." தொட்டுக்கொள்ள என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். "கருவாடு தான் சாமி. அது இல்லாம எப்பிடி எறங்கும்?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கருவாடு முழுக்க உப்புதானே என்றார். "அது மீனாச்சே சாமி!" என்றாள் அண்ணி.

சிரிக்காதீர்கள். அந்த மீனை உப்பில் புரட்டி மணலில் காயப்போட்டவர்கள் நாங்கள்தான். உப்புக் கரித்து எங்கள் உள்ளங்கையெல்லாம் வெடித்திருக்கும். ஆனாலும் எங்களுக்கு உப்பு என்றால் ஜாடியில் இருப்பது. கருவாடு என்றால் கருவாடு. டாக்டர் சொன்னபிறகு அண்ணி தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வீடுவரை நடந்தாள். "என் கையால குடுத்தேனே பாப்பா" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். வந்ததும்தான் ஜாடியைத் தூக்கினாள்.

நைனா சும்மா விடுவாரா? "அவனுக்கு நோவுன்னா அவன் பத்தியம் இருக்கட்டும். நாங்க இன்னா பாவம் பண்ணோம்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு தெரியாதா?" என்று எகிறினார். அண்ணி குரலை உயர்த்தவில்லை. "அப்ப ஒங்க புள்ளைய குப்பையில போட்றலாமா மாமா? அவரு மட்டும் தனியா துன்னா எறங்க மாட்டேங்குது. கருவாட்டத் தேடுறாரு. எல்லாரும் ஒண்ணாத் துன்னா எறங்கும்" என்றாள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பொழுது சாய்ந்ததும் வந்து, தட்டின்முன் உட்கார்ந்தார்.

அன்றைக்கு வைத்த குழம்பை வாயில் வைக்க முடியவில்லை, அது சத்தியம். போகப்போக அண்ணி வழி கண்டுபிடித்தாள். பச்சை நெத்திலியில் மாங்காய் கிள்ளிப் போடுவாள். மிளகும் பூண்டும் தட்டி, எலுமிச்சம்பழம் பிழிவாள். கூழுக்குச் சின்ன வெங்காயம். ஊறுகாய், டீக்கடை வடை எல்லாம் வாசலோடு சரி. அண்ணன் சுவரை விட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். எங்கள் முகம் போகிற கோணலைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொண்டே தின்றுவிடுவான். ஒருநாள் காலை அண்ணி போட்ட கூச்சலில் நான் பதறி ஓடினேன். அண்ணன் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "பாப்பா, முட்டி தெரியுதுடி! கணுக்கால் முட்டி தெரியுது பாரு!" அப்படி ஒரு அழகான எலும்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அண்ணன் மறுபடி கடலுக்குப் போனான். டாக்டர் துளி உப்பு சேர்க்கலாம் என்ற அன்று அண்ணி ஜாடியை நிமிர்த்தி, குழம்பில் ஒரு சிட்டிகை போட்டாள். முதல் வாய் வைத்த நைனா முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா, இந்தக் கரி கரிக்குது?" வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. சிரித்தவர்கள்தான் ஒருவரும் இல்லை.

அண்ணி போன பிறகு ஜாடி என்னிடம் வந்தது. இப்போது எனக்கும் ரத்தக் கொதிப்பு. உப்பு ஆகாது என்றுவிட்டார்கள். என் மருமகள் தங்கமான பெண், முகம் சுளிக்காமல் எனக்கென்று தனியாக ஆக்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோரும் கருவாட்டுக் குழம்போடு உட்காருவார்கள். "அத்தே, ஒங்களுது தனியா கீது" என்று என் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பாள். உப்பில்லாதது எனக்குப் பெரிதில்லை, என் நாக்கு அதற்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. தனியாக என்பதுதான் இறங்கமாட்டேன் என்கிறது. அண்ணி, நீ இருந்திருக்கலாம்.

போன வாரம் அந்த ஜாடியை எடுத்துக் கழுவி, சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்தேன். மருமகள் பார்த்துவிட்டாள். "இன்னாத்துக்கு அத்தே, காலி ஜாடியப் போய் கவுத்து வெச்சிக்கீறீங்க?"

"ஈரமா கீதும்மா, காயட்டும்" என்றேன்.