மூச்சு முட்டிய மூன்று சக்கர வண்டி

பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய தாருகானாவில் உடைத்துப் போட்ட கப்பல் ஒன்றின் வயிற்றிலிருந்து அந்த வண்டி வந்தது. பழைய நாற்காலிகள், கயிற்றுச் சுருள்கள், பித்தளைக் குழாய்கள் இவற்றுக்கு நடுவே அது கிடந்ததை எங்கள் வாடிக்கைக்காரர் பாய் பார்த்திருக்கிறார். பார்த்த இடத்திலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார். டெம்போவில் ஏற்றிக்கொண்டு நேரே தாராவிக்கு வந்து, எங்கள் ரிப்பேர் கடை வாசலில் இறக்கினார்.

மூன்று சக்கர வண்டி என்றாலும் ஆட்டோ ரிக்‌ஷா மாதிரி இல்லை. மேலே மோட்டார் சைக்கிளின் கைப்பிடியும் நீண்ட சீட்டும், கீழே உப்பிய பலூன்கள் போலக் கொழுத்த மூன்று டயர்களும். மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே ஜப்பான்காரன் செய்தது என்றார் பாய். உப்புக்காற்றில் கிடந்து இரும்பெல்லாம் துரு ஏறியிருந்தது. தெருவே கூடி நின்று டயரை அமுக்கிப் பார்த்தது.

பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். தோல் பை தைக்கும் பட்டறை தாராவியில், வீடு செம்பூரில். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

"தம்பி, இத ஓட வச்சுக் குடுங்க. செம்பூர் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போவணும்" என்றார்.

"ஓட வச்சிருவோம் பாய்" என்றான் என் கூட்டாளி, வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.

அவன் அப்படித்தான். நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். பம்பாய் வந்தபிறகுதான் பழக்கம். சேர்ந்து கடை போட்டோம். ஸ்கூட்டர், ஆட்டோ, மொபெட் என்று எது வந்தாலும் முதலில் வாக்குக் கொடுத்துவிடுவான். பிறகு ராத்தூக்கம் போவது எனக்கு. அப்போது அவன் மனைவி முதல் குழந்தையை எதிர்பார்த்து மாசமாக இருந்தாள். நல்ல காரியம் எல்லாம் கூடி வருகிறது என்று எதைக் கண்டாலும் குதித்துக்கொண்டிருந்தான்.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு கயிறு இருந்தது. அதை இழுத்தால் இன்ஜின் கிளம்ப வேண்டும். மாற்றி மாற்றி இழுத்தோம். தோள்பட்டைதான் கழன்றது. பிளக்கில் நெருப்பு நன்றாக வந்தது. அப்படியானால் கோளாறு பெட்ரோல் வரும் வழியில். கார்புரேட்டரைக் கழற்றினேன். அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். எந்தக் காலத்திலோ ஊற்றிய பெட்ரோல் வற்றி, கருப்பட்டிப் பாகு மாதிரி அடியில் ஒட்டியிருந்தது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற பித்தளைத் திருகாணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். அதன் நடுவில் தெரிய வேண்டிய ஓட்டை தெரியவில்லை.

இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும். கரண்ட் வயரின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றைப் பிரித்தெடுத்து, அதை விட்டு மெதுவாக ஆட்டினேன். பெட்ரோலில் ஊறவைத்து, பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போய்க் காற்றடித்தேன். மறுபடி பிடித்துப் பார்த்தபோது ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம்! நட்சத்திரத்தைக் கண்டதுபோல் இருந்தது.

மாட்டிக் கயிற்றை இழுத்தோம். வண்டி கிளம்பிவிட்டது. தெரு முழுக்க வெள்ளைப் புகை. "ஸ்டார்ட் ஹோ கயா!" என்று எதிர் வரிசைக் கடைக்காரர் கத்தினார். என் கூட்டாளி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான்.

இன்ஜின் சூடாகும்வரை காற்றைக் குறைத்து வைக்கும் சோக்கைத் தள்ளியதும் செத்துப்போனது.

சோக்கை இழுத்து வைத்தால் ஓடுகிறது, தள்ளினால் நிற்கிறது. எங்கிருந்தோ கூடுதலாகக் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் தடித்த ரப்பர்க் குழாய்மேல் ஓடும்போதே கொஞ்சம் எண்ணெய் விட்டேன். விட்ட இடத்தில் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டது, இன்ஜின் சத்தம் மாறியது. மடக்கிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு. ஜப்பானுக்கா எழுதிக் கேட்க முடியும்? அதற்கும் தாராவியில் ஆள் இருந்தார்கள். ரப்பர் அச்சு வார்க்கிறவர் ஒருவர் பழையதை வாங்கிக்கொண்டு போய், அச்சு அசலாகப் புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்தார்.

இப்போது வண்டி சோக் இல்லாமலே நின்று ஓடியது. பாய்க்கு ஆள் அனுப்பினோம். ஓடி வந்தார். நான் ஏறி ஓட்டிக் காட்டினேன். தெருக்கோடி வரைக்கும் குதிரை மாதிரி போனது. திரும்பும்போது ஒரு இருமல், இரண்டு இருமல், நின்றுவிட்டது. சற்று நேரம் காத்திருந்து இழுத்தால் கிளம்புகிறது. மறுபடி கொஞ்ச தூரம் போய் நிற்கிறது.

பாய் பக்கத்தில் வந்து குனிந்தார். டயரைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். அதுதான் எங்களைச் சுட்டது.

"ஏல, இன்னொருக்கா கார்புரேட்டரக் கழத்துவோமா?" என்றான் கூட்டாளி.

"கழத்திக் கழத்தி மரையே தேஞ்சு போச்சுல. அதுல ஒண்ணும் இல்ல."

மறுநாளும் வண்டி நடுத்தெருவில் நின்றபோது, பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று சும்மா டாங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். காற்று உள்ளே போகிற சத்தம்! அப்படியே கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் வண்டி உறுமியது. நடுத்தெருவில் நின்று நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஜனங்கள் விலகிப் போனார்கள். டாங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. கடல் உப்பும் துருவும் அதை அடைத்திருந்தன. வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. நாங்கள் தொண்டையை விட்டுவிட்டு வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறோம். ஊக்கு ஒன்றால் துவாரத்தைத் திறந்தேன். அவ்வளவுதான்.

பாய் வந்து எடுத்துப் போவதாக இருந்த நாளில் மழை பிடித்துக்கொண்டது.

பம்பாய் மழை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு விடிந்தபோதே சந்துகளில் முழங்கால் தண்ணீர். சயானில் தண்டவாளம் மூழ்கி லோக்கல் ரயில் இல்லை, டாக்சி இல்லை. நான் கடைச் சாமான்களை மேல்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீரை உழுதுகொண்டு கூட்டாளி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவளுக்கு வலி எடுத்துட்டுல. பனிக்குடம் உடைஞ்சிட்டு. தூக்கிட்டுப் போலாமுன்னா எங்கன சாக்கடை திறந்து கிடக்குன்னு தெரியல. கால் இடறி அவளத் தண்ணிக்குள்ள போட்டுட்டா?"

நான் வண்டியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து வெளியே இழுத்தோம்.

அவன் வீட்டு வாசலில் அவளை எனக்குப் பின்னால் ஒரு பக்கமாக உட்கார வைத்தோம். கூட்டாளி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா மறுபுறம் குடை பிடித்து, "காப்ரு நகோ, காப்ரு நகோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயப்படாதே, பயப்படாதே என்று. முன்னால் இரண்டு பேர் மூங்கில் கழியால் தரையைக் குத்திக் குத்திப் பள்ளம் பார்த்துப் போனார்கள். "பாஜு ஹட்டோ!" என்று அவர்கள் கூவ, தண்ணீரில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கொழுத்த டயர்கள் தண்ணீரைப் பிளந்துகொண்டு, சேற்றிலும் செங்கல்லிலும் ஏறி இறங்கிப் போயின. இப்படி ஒரு வண்டியா என்று எனக்கே நம்ப முடியவில்லை. சயான் ஆஸ்பத்திரிக் கட்டிடம் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது.

பாலத்துக்குப் பக்கத்தில் சாலை தாழ்ந்த இடத்தில் தண்ணீர் இன்னும் ஏறியது. ஒரு இருமல். இரண்டு இருமல். வண்டி நின்றது.

"ஏல, என்னல ஆச்சு?" என்று அலறினான் கூட்டாளி.

அவள் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "அண்ணே, நான் தாங்கிக்கிடுதேன். நீங்க பதறாமப் பாருங்க" என்றாள்.

டாங்க் மூடியைத் திறந்தேன். சத்தமில்லை. அது அடைத்திருக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டியபோதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. காற்று! கார்புரேட்டர் கிண்ணத்துக்கும் காற்று வேண்டுமே? அதற்கென்று அதிலிருந்து மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று கீழே தொங்கும். கையை விட்டுத் தடவினேன். குழாயின் நுனி தண்ணீருக்குள் இருந்தது.

பிடுங்கி, உள்ளே ஏறிய தண்ணீரை உதறி, மறுபடி மாட்டினேன். "உன் கைக்குட்டையக் குடுல!" நுனியை மேலே தூக்கிக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன். கயிற்றை இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, தொண்டையைச் செருமி, உறுமிக்கொண்டு எழுந்தது. பாலத்தின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த முகம் தெரியாத ஜனங்கள் எல்லாம் கை தட்டினார்கள். மராத்திக்கார அம்மா குடையைத் தூக்கி ஆட்டினார். ஆஸ்பத்திரிப் படி வரைக்கும் நான் ஆக்சிலேட்டரைத் தளர்த்தவேயில்லை.

உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கூட்டாளி ஓடி வந்தான். சட்டை முழுக்கச் சேறு. "பொட்டப்பிள்ளைல! தாயும் பிள்ளையும் சுகம்!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினான். ஒரு நர்ஸ் வந்து அதட்டினார். அவரையும் பார்த்துக் கும்பிட்டு, "பொட்டப்பிள்ளை சிஸ்டர்!" என்றான்.

வாசலுக்கு வந்தால் வண்டியைச் சுற்றிக் கூட்டம். நடுவில் பாய், இடுப்புவரை நனைந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பட்டறையில் ராத்தங்கியவர், செய்தி கேட்டுத் தண்ணீரிலேயே நடந்து வந்திருக்கிறார். அவர் வண்டி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டோம். நான் வாயைத் திறப்பதற்குள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாஷா அல்லாஹ்! என் வண்டியிலயா வந்துச்சு புள்ள?"

அவர் பக்கத்தில் ஒருவர் தயங்கி நின்றார். வயசான அப்பாவுக்கு மூச்சிரைப்பு, சந்துக்குள் கிடக்கிறார் என்றார். பாய் கையை அசைத்து, "ஏறு தம்பி, போவோம்" என்று எனக்குப் பின்னால் தாவி உட்கார்ந்தார். அன்று பகல் முழுக்க அதுதான் எங்கள் வேலை. கால் முறிந்த ஒருவர், காய்ச்சலில் துவண்ட ஒரு பெண், இன்னும் யார் யாரோ. நோயாளி ஏறியதும் பாய் இறங்கி வண்டியோடு நடப்பார். திரும்பி வரும்போது கைப்பிடியை வாங்கிக்கொண்டு அவரே ஓட்டுவார். ஓட்டத் தெரியாது, தண்ணீரில் இப்படியும் அப்படியும் போகும். கத்திக்கொண்டே ஓட்டினார். நானும் கத்தினேன்.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில், சயானுக்கும் தாராவிக்கும் நடுவே வண்டி நின்றுவிட்டது. பாய் கவலையோடு திரும்பினார்.

"இப்ப எங்க அடைச்சிருக்கு தம்பி?"

மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"எங்கயும் அடைக்கல பாய். பெட்ரோல் தீந்துட்டு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் பின்னாலிருந்து தள்ள, நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.