எதிர் வீட்டுக்கு வந்த கிரைண்டர்

2008-ஆம் வருடம், தீபாவளி முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அப்போது நாங்கள் திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு குழாய், முன்பக்கம் வீட்டுக்கார அம்மாவின் மாடி வீடு. நானும் என் கணவரும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்டுப்போனது இதையெல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு.

அமெரிக்காவில் ஏதோ பேங்க் மூழ்கிப்போச்சு என்று டிவியில் சொன்னபோது எங்கள் லைனில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் பணம் அங்கேயா கிடக்கிறது என்று சிரித்தோம். ஆனால் எங்கள் பனியனை வாங்கிப் போடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது. தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனி ஒரு ஷிப்டுக்கு வந்தது. அப்புறம் வாரத்தில் பாதி நாள் லீவு. போதாததற்குக் கரண்ட் கட் வேறு.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சம்பளம் குறைவதற்கு முன்பே நாங்கள் செலவைக் குறைத்துவிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கிய கையோடு ஊரே கடைவீதியில் நிற்கும். அந்தக் கூட்டத்தில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதே பெரிய பாடு. அது படிப்படியாகக் குறைந்து, கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று கூப்பிடுகிற அளவுக்கு ஆனது. கையில் காசு இருந்தவர்களும் வாங்கவில்லை. தீபாவளிக்கு எடுத்த சேலைக்கு நான் ஜாக்கெட்கூடத் தைக்கக் கொடுக்கவில்லை. தக்காளியைக் கூறு கூறாக வாங்குகிற இடத்தில் எண்ணி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லைன் முழுக்கக் கறிக்குழம்பு வாசம் வரும். அதுவும் நின்றுபோனது.

என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாதவர். அந்த நாட்களில் வேலை இல்லாவிட்டால் டீக்கடைக்குப் போவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார், வந்ததும் வராததுமாக மறுபடியும் கிளம்புவார். ஒவ்வொரு தடவையும் ஒரு சேதி கொண்டுவருவார்.

"இன்னொரு கம்பெனியும் மூடப் போறானாம். பொங்கலுக்குள்ள பாதி ஊரு காலி ஆயிரும்னு சொல்லுதாங்க."

"யாரு சொன்னா?" என்று கேட்டால், "எல்லாரும்தான் சொல்லுதாங்க" என்பார்.

அதற்குள் எங்கள் வரிசையில் இரண்டு குடும்பங்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. அந்த வீடுகளின் கதவில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. குழாயடியில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், "நீங்க எப்பப் போறீங்க?" என்பதில்தான் போய் முடியும். ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்புகிறவர்களிடம் கேட்பதைப் போல அதைச் சாதாரணமாகக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை அவர் முடிவு செய்துவிட்டார். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவது என்று.

"அங்க போயி என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"அண்ணன் வீடு இருக்கு. நீ பீடி சுத்தலாம். நான் கிடைச்ச வேலையப் பாக்கேன்."

"பிள்ளைக்கு அரைப்பரீட்சை வருது. வருசத்துக்கு நடுவுல எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பான்?"

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையில் இரண்டு பேரும் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொன்னோம். அவருடைய அண்ணன் வீட்டில் ஒண்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் இங்கே இருந்தால் சோறு கிடைக்கும் என்று சொல்வதற்கும் எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் அழுதுகொண்டே பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன். பழைய சாமான் வாங்குகிற ஒருவரை என் கணவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார். இரும்புக் கட்டில், டிவி, டிவி வைக்கும் ஸ்டாண்டு எல்லாவற்றையும் அவரிடம் தள்ளிவிட்டு அன்றைக்கே கிளம்புவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலைக் கழற்றி வாசலில் சாய்த்து வைத்தோம். லைனில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளை கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள்.

சந்துக்குள் மினி ஆட்டோ வருகிற சத்தம் கேட்டது. சாமான் வாங்குகிறவர்தான் என்று என் கணவர் வெளியே போனார். ஆட்டோவில் இருந்தது பெரிய அட்டைப்பெட்டி. புத்தம்புது கிரைண்டர். இரண்டு பேர் சேர்ந்து இறக்கி எங்கள் எதிர் வீட்டு வாசலில் வைத்தார்கள்.

எதிர் வீட்டு அக்கா தேனிப் பக்கத்துக்காரர். வேறொரு கம்பெனியில் டைலர். எங்கள் கம்பெனியைவிட அது பெரியது. அக்காவின் கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். அக்கா யாரிடமும் அதிகம் ஒட்ட மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். அவர் வீட்டுக்கு இந்தச் சமயத்தில் புதுக் கிரைண்டர் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். அந்த லைனுக்குள் புதுப்பொருள் என்று ஒன்று வந்தே பல நாள் ஆகியிருந்தது.

"கரண்டே இல்லாத ஊருல கிரைண்டரா?" என்றார் கடைசி வீட்டுக்காரர். அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

"என்னக்கா, கிரைண்டர் வாங்கியிருக்கீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தேவைப்பட்டுச்சு, வாங்குனேன்" என்று சொல்லிவிட்டு அக்கா பெட்டியை உள்ளே இழுக்கச் சொன்னார். அவர் பார்வை மட்டும் எங்கள் வாசலில் இருந்த கட்டிலின் மேல் ஒரு நிமிடம் நின்றது. முகம் என்னவோ போல் ஆனது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் குழாயடியில் அது வேறு கதையாக மாறிவிட்டது. அக்காவின் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, அங்கே இருக்கிற மாஸ்டர் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார், இல்லாவிட்டால் யாராவது இந்த நேரத்தில் இத்தனை பெரிய சாமான் வாங்குவார்களா? அந்தக் கம்பெனிக்கு வந்தால் நம் கம்பெனிக்கு வராதா? இதை யார் முதலில் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் இரண்டு பேரிடம் சொன்னேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கார அம்மா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ள கிரைண்டரே வாங்கீருச்சு. போறவங்க யாராச்சும் அதை வாங்குவாங்களா? நீங்க என்னத்துக்குக் கண்ணு கட்டலக் கழட்டி வெச்சிருக்கறீங்க?"

அவருக்கும் பயம் இருந்திருக்கும். ஏற்கெனவே இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது.

சற்று நேரத்தில் சாமான் வாங்குகிறவர் வந்து சேர்ந்தார். கட்டிலைத் தட்டிப் பார்த்தார். "டிவி எங்கீங்க?" என்றார். என் கணவர் எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இன்னைக்கு வேண்டாங்க. அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம்" என்றார்.

"அடுத்த வாரம் இந்த வெலைக்கும் எடுக்க முடியாதுங்க. தெருவுக்குத் தெரு கட்டில்தானுங்க கெடக்குது."

"பரவால்லங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். என் கணவர் கட்டிலை உள்ளே கொண்டுபோய் மறுபடியும் பூட்டினார். நான் சாக்கை அவிழ்க்கவில்லை. ஆனால் அவர் வெளியே போய்க் கறி வாங்கி வந்தபோது, குழம்புச் சட்டியை எடுப்பதற்காக ஒரு சாக்கை அவிழ்க்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு எங்கள் வீட்டில் மட்டுமல்ல, இன்னும் இரண்டு மூன்று வீடுகளிலும் கறிக்குழம்பு கொதித்தது. சாயங்காலம் எதிர் வீட்டிலிருந்து கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. "பாத்தியா, ஆரம்பிச்சிட்டாங்க" என்றார் என் கணவர். பல நாளுக்குப் பிறகு அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எந்த ஆர்டரும் வந்தபாடில்லை. எங்கள் கம்பெனியில் இன்னும் ஒரு நாள் குறைத்தார்கள். அவர் மறுபடியும் டீக்கடைக்கும் வீட்டுக்குமாக நடக்க ஆரம்பித்தார். "அந்த அக்காகிட்டயே கேட்டுட்டு வாயேன்" என்றார். தண்ணீர் வந்த ஒரு காலையில், குழாயடியில் கூட்டம் கலைந்த பிறகு, நான் அக்காவிடம் போனேன்.

"அக்கா, உங்க கம்பெனிக்கு ஆர்டர் வந்திருக்காமே. ஆள் எடுத்தா எங்களுக்கும் சொல்லுங்கக்கா."

அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். "யாரு சொன்னா? எங்க தையல் லைன் ஓடியே ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. வேலை வந்தாச் சொல்லி அனுப்புறோம்னு எல்லாரையும் அனுப்பிட்டாக."

"அப்ப கிரைண்டர்?"

"வேலை இருக்கும்னு நம்பிக்கை இருந்தா நான் எதுக்கு அதை வாங்கப்போறேன்? மாவு ஆட்டி விக்கலாம்னுதேன் வாங்குனேன். கம்மலைக் கொடுத்து வாங்குனது. மாவு பதம் பிடிபடட்டும்னு இன்னும் யாருகிட்டயும் சொல்லல."

அப்போதுதான் அவர் காதைப் பார்த்தேன். கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. அத்தனை பேர் அன்றைக்கு அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றோம். ஒருவர்கூட அவர் காதைப் பார்க்கவில்லை.

இவரை நம்பித்தானே கட்டிலை உள்ளே எடுத்தோம். அதை அவரிடமே சொல்லிவிட்டேன். அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டா? கம்பெனியை நான் நம்பல. நீங்கள்லாம் இங்கதேன் இருப்பீக, ரெண்டு இட்லியாச்சும் சுடுவீகன்னு உங்களை நம்பித்தேன் காசைப் போட்டேன். பெட்டி வந்து எறங்குது, உங்க கட்டிலு வாசல்ல நிக்குது. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. பெட்டியைப் பிரிக்கவே இல்ல. மறுநாள் கடையில திருப்பிக் கொடுத்துரலாம்னு இருந்தேன். உங்க வீட்டுக்காரரு அந்த ஆளைத் திருப்பி அனுப்புனாரா, சரி, அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு அதுக்குப் பெறகுதேன் அரிசியை ஊறப்போட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கணவர் சுவரில் சாய்ந்து நின்றார். மறுபடியும் சாக்கை எடுப்பார் என்றுதான் நினைத்தேன். "நானா? எனக்கு என்ன தெரியும்?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "இப்ப நாம போனா அவங்க மாவை யாரு வாங்குவா?" என்றார். அதை என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. அன்று காலையில் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு மாவு வாங்கப் போனவர் அவர்தான்.

நாங்கள் ஊருக்குப் போகவில்லை. அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கஷ்டம்தான். அவர் மார்க்கெட்டில் மூட்டை இறக்கினார். நான் கிடைத்த நாளில் செக்கிங், கிடைக்காத நாளில் அக்காவோடு உளுந்து கழுவினேன். கடைசி வீட்டுக்காரர் தாக்குப்பிடிக்க முடியாமல் பொங்கல் கழித்துக் கிளம்பினார். "அன்னைக்கே போயிருந்தா இந்த அலைச்சல் இல்ல" என்று எங்கள் எல்லோரையும் திட்டிவிட்டுத்தான் போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெயில் காலம் முடிகிற சமயத்தில் எங்கள் கம்பெனியில் ஷிப்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. மகள் அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் போனாள். அக்காவை அவருடைய கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. அதற்குள் பக்கத்து லைன்களிலிருந்தும் மாவு வாங்க ஆள் வர ஆரம்பித்திருந்தது.

இப்போது நாங்கள் வேறு வீட்டில் இருக்கிறோம். அதற்கப்புறமும் திருப்பூரில் எத்தனையோ தடவை, அவ்வளவுதான், ஊர் முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் என் கணவருக்கு இன்றைக்கும் கால் தரிக்காது. எனக்கும் உள்ளுக்குள் படபடப்பு வராமல் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்ற எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, ஒருவர் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர் காலூன்றி நின்றோம் என்பது எனக்கு மறக்கவே இல்லை. அதனால் காலம் மோசம் என்று மனம் பதறும்போது, அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், என் வாசலை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்கிறேன்.